'ஹேண்டி'யும் செல்பேசியும்: கொல்கத்தா லேக் கார்டன்ஸ் பகுதியை முன்னிறுத்திச் சில சொல்வரலாற்றுக் குறிப்புகள்

1995 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31 ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து புது தில்லி சஞ்சார் பவனில் இருந்த நடுவண் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவில் கம்பியில்லாக் கைக்கருவி வழியே நிகழ்ந்த முதல் வணிக முறை அழைப்பு இதுவென்பர். இந்திய நிறுவனமும் ஆஸ்திரேலிய நிறுவனமும் இணைந்து அமைத்த மோடி டெல்ஸ்ட்ரா இச்சேவையை 'மொபைல்நெட்' என்னும் பெயரால் வழங்கிற்று. கருவி கைக்கு வந்துவிட்டது. அதற்குரிய பெயர், தமிழிலும் சரி வங்காளியிலும் சரி, அன்று நிலைபெற்றிருக்கவில்லை.

அதே காலத்தில் ஜெர்மானியரிடம் பெயர் இருந்தது. 1992 இல் அங்கு எண்ணியல் வலையமைப்புகள் இரண்டு இயங்கத் தொடங்கியதை ஒட்டி 'ஹேண்டி' என்னும் சொல் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. ஒலியும் எழுத்தும் ஆங்கிலம். ஆனால் ஆங்கிலேயர் இக்கருவியை அப்பெயரால் அழைத்ததில்லை. பிரித்தானியருக்கு அது 'மொபைல்'. அமெரிக்கருக்குச் 'செல் போன்'. 'ஹேண்டி' என்பது அவ்விருவர்க்கும் 'கைக்கு எளிதான', 'பயன்படுத்த வசதியான' என்னும் பொருள் தரும் பெயரடை மட்டுமே. ஆங்கிலத் தோற்றத்தில் ஜெர்மன் மொழி தானே ஆக்கிக்கொண்ட பெயர்ச்சொல் இது.

இத்தகைய சொற்களை 'போலி ஆங்கிலச் சொற்கள்' என மொழிபெயர்ப்பது எளிது. ஆயின் தமிழ் இலக்கண மரபில் 'போலி' என்பது எழுத்து மாறியும் பொருள் மாறாமையைக் குறிக்கும் கலைச்சொல்லாகும். இங்கு நிகழ்வதோ அதற்கு நேர்மாறானது. எழுத்து மாறவில்லை, பொருளே மாறுகிறது. எனவே 'ஆங்கிலத் தோற்றச் சொல்' என்னும் தொடரே இக்கட்டுரையில் ஆளப்பெறுகிறது.

ஜெர்மன் வழக்கு

'ஹேண்டி' என்பதன் பிறப்புக் குறித்து அறிஞரிடையே ஒருமித்த முடிபு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மோட்டோரோலா நிறுவனம் முதுகில் சுமக்கும் வானொலிக் கருவியை 'வாக்கி-டாக்கி' என்றும், ஒரு கையில் பிடிக்கத்தக்க சிறு கருவியை 'ஹேண்டி-டாக்கி' என்றும் வழங்கியது உறுதி. கையடக்க வானொலிக் கருவிகளைப் பயன்படுத்திய ஆர்வலர் வழியே இப்பெயர் குறுகி ஜெர்மன் வழக்கில் நின்றிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. மக்கள் வழக்கில் நகைச்சுவைச் சொற்பிறப்பு ஒன்றும் உண்டு. முதன்முதலில் இக்கருவியைக் கண்ட சுவாபியப் பகுதியினர், தம் வட்டார மொழியில் 'ஹென் டி கொய் ஷ்னூர்?' எனக் கேட்டனராம். 'இவர்களிடம் கம்பி இல்லையா?' என்பது பொருள். 'ஹென் டி' என்பதே 'ஹேண்டி' ஆயிற்று என்பர். இது வேடிக்கைக்காகப் புனைந்ததே. எனினும் அயற்சொல்லுக்குத் தன்மொழியிலேயே வேர் காட்டி மகிழும் மனப்பாங்கு தமிழர்க்கும் புதிதன்று. பின்னர் வரும் 'செல்' பற்றிய பகுதியில் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இச்சொல் ஜெர்மன் இலக்கணத்திற்கு எவ்வாறு அடங்கிற்று என்பது இன்னும் கருதத்தக்கது. அதற்கு அஃறிணைப்பால் வழங்கப்பெற்றது. ஆங்கில எழுத்து மரபின்படி இதன் பன்மையில் ஈற்றெழுத்துத் திரிதல் வேண்டும். 1996 ஆம் ஆண்டின் ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தமோ ஈறு திரியாமல் 'ஸ்' மட்டும் சேர்த்து எழுதுவதையே விதியாக்கிற்று. வேற்றுமொழியின் உடை அணிந்திருப்பினும் அச்சொல் கீழ்ப்படிவது ஜெர்மன் விதிக்கே.

'ஹேண்டி' தனித்து நிற்பதும் அன்று. படவீழ்த்தியை ஜெர்மானியர் 'பீமர்' என்பர். பழங்காலச் சீருந்தை 'ஓல்ட்டைமர்' என்பர். பணியிடத்தில் ஒருவரைக் கூடித் துன்புறுத்துவதை 'மாபிங்' என்பர். விருந்து மேலாடை 'ஸ்மோக்கிங்' ஆகும். இது பிரெஞ்சு முதலிய பிற ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. இவை அனைத்தும் ஒரே வகையின அல்ல. 'ஸ்மோக்கிங்' நீண்டதொரு தொடரின் குறுக்கம். 'ஓல்ட்டைமர்' ஆங்கிலத்தில் முதியவரைக் குறிக்கும். ஜெர்மனில் பொருள் வண்டிக்குப் பெயர்ந்துள்ளது. 'ஹேண்டி'யில் பெயரடை பெயராகியுள்ளது.

ஆங்கிலத் தாக்கத்தை எதிர்க்கும் ஜெர்மன் மொழிச் சங்கம் 1997 இல் தோன்றிற்று. ஆங்கிலச் சொற்களை விலக்கக் கோருவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு 'ஹேண்டி'யில் தெளிவாகப் புலப்படுகிறது. ஆங்கிலேயர் பயன்படுத்தாத ஒரு சொல்லை ஆங்கிலம் எனக் கூறி நீக்குவது எங்ஙனம்? சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழியினரோ நெடுங்காலம் 'நாடெல்' என்றே வழங்கி வந்தனர். 'தேசிய ஊர்தித் தொலைபேசி' எனப் பொருள்படும் ஜெர்மன் தொடரின் தலையெழுத்துகளால் 1970களில் ஆக்கப்பெற்ற வணிகப்பெயர் அது. பிறப்பால் தூய சொல். ஆயினும் எல்லை கடந்தால் எவர்க்கும் விளங்காது.

லேக் கார்டன்ஸ்: ஊர்ப்பெயர் தரும் சான்று

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு அதன் பெயரே முதற்சான்று. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை தாழ்நிலத்தை அகழ்ந்து பெரியதொரு நீர்நிலையை உண்டாக்கிற்று. மக்கள் அதனை 'டாக்குரியா லேக்' என்றும், சுருக்கமாக 'லேக்' என்றும் அழைத்தனர். 1958 இல் அது 'ரவீந்திர சரோவர்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் சுற்றுப்பகுதிகள் லேக் மார்க்கெட், லேக் ரோடு, லேக் கார்டன்ஸ் என்றே நிற்கின்றன. சுரங்க ரயில் நிலையம் ரவீந்திர சரோவர் என்னும் பெயர் தாங்குகிறது; பட்ஜ்பட்ஜ் கிளை இருப்புப்பாதையின் நிலையம் லேக் கார்டன்ஸ் என்னும் பெயரையே தாங்குகிறது. ஒரே நீர்நிலையின் இருபுறமும் நிற்கும் இவ்விரு பலகைகளும் ஏற்பளிக்கப்பட்ட சொல்லுக்கும் வாயில் வழங்கும் சொல்லுக்கும் இடையேயுள்ள உறவை ஒரு நூலளவு விளக்கிவிடுகின்றன. 'கார்டன்ஸ்' என்பதும் இங்குத் தோட்டம் அன்று, குடியிருப்பு.

ஏரியின் வடக்கே ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழரும் பிற தென்னிந்தியரும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி தொட்டே வாழ்ந்து வருகின்றனர். அவருட் பலர் காலப்போக்கில் தெற்கே லேக் கார்டன்ஸிலும் குடியமர்ந்தனர். தமிழும் வங்காளியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இடம் அது. அத்தகைய இடத்தில் இரு மொழிக்கும் பொதுவான ஆங்கிலத் தோற்றச் சொற்கள் எவ்வாறு பொருள் வேறுபடுகின்றன என்பதை எளிதிற் காணலாம்.

'டிபன்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் வழக்கிலிருந்து இருமொழியும் ஏற்ற சொல் இது. 1886 இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் இடம்பெற்றுள்ளது. தமிழில் 'டிபன்' என்றால் இட்லி, தோசை, உப்புமா. வங்காளியில் 'டிபின்' என்றால் பள்ளியில் இடைவேளையின் போது உண்பது. அந்த இடைவேளையும் கூட. 'ஹோட்டல்' இருமொழியிலும் தங்குமிடத்தினும் உண்ணுமிடத்தையே முதலில் நினைவூட்டும்; கொல்கத்தாவின் 'பைஸ் ஹோட்டல்' என்னும் தொடரை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இடருறுவது இதனால்தான். உதிரிச் சக்கரத்தைக் குறிக்கும் 'ஸ்டெப்னி' வேல்சு நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த வணிகப்பெயர். பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பின்னும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கிறது. பிரேசில் நாட்டுப் போர்த்துகீசியத்திலும் 'எஸ்தெப்பி' என வாழ்கிறது. 'ஹேண்டி'க்கு மிக நெருங்கிய உறவினது நம் சமையலறையின் 'மிக்சி'. அதே இகர ஈறு. ஆங்கிலேயர் அப்பொருளுக்கு வழங்காத அதே தன்மை.

'செல்'லும் 'மொபைலும்'

இனிக் கைக்கருவிக்கு வருவோம். இதற்குப் பெயரிடுகையில் உலக மொழிகள் பெரும்பாலும் மூன்று கூறுகளில் ஒன்றையே பற்றிக்கொண்டன. ஒன்று இயங்குதல்; பிரித்தானியரின் 'மொபைல்', தெலுங்கின் 'சரவாணி', வங்காளியின் 'சலபாஷ்' ஆகியன இதன்பாற்படும். மற்றொன்று கை, ஜெர்மன், கொரிய மொழியின் 'ஹேண்ட்போன்', கைப்பொறி என்னும் பொருளதாகிய சீனத்தின் 'ஷோஜி' முதலியன இதில் அடங்கும். மூன்றாவது, வலையமைப்பைச் சிறு கண்ணறைகளாகப் பகுக்கும் தொழில்நுட்பம். அமெரிக்கரின் 'செல்' அதிலிருந்து வந்தது. தமிழ் இம்மூன்றையுமே முயன்று பார்த்தது என்பது வியப்புக்குரியது. செல்லிடப்பேசி, கைப்பேசி, செல்பேசி, அலைபேசி எனச் சில ஆண்டுகளுக்குள் தோன்றிய சொற்கள் இன்றும் அருகருகே வழங்குகின்றன.

பேச்சு வழக்கிலோ தமிழர் முதலிற் பற்றிக்கொண்டது 'செல்'. வங்காளியர் பற்றியது 'மொபைல்'. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? தொடக்க கால நிறுவனங்களின் பெயர்கள் ஓரளவு குறிப்புத் தருகின்றன. சென்னையில் முதலிற் சேவை தந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகியன. 1999 இல் தமிழ்நாட்டில் ஏர்செல் வந்தது. 2002 இல் அரசு நிறுவனமாகிய பாரத் சஞ்சார் நிகாம் தன் சேவைக்குச் 'செல்ஒன்' என்று பெயரிட்டது. கொல்கத்தாவிலோ முதற்பெயர் 'மொபைல்நெட்'. உடன் வந்த மற்றொன்று 'கமாண்ட்'. விளம்பரப் பலகையில் நாள்தோறும் கண்ட சொல் நாவில் படிந்தது எனக் கொள்ள இடமுண்டு. இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது. செல்ஒன் இந்தியா முழுமைக்கும் உரிய பெயர் ஆதலின் அது மட்டுமே காரணமாயின் வங்கத்திலும் 'செல்' நிலைத்திருக்க வேண்டும். தமிழில் 'செல்' வேரூன்றியதற்கு இன்னொரு காரணம் தேட வேண்டியுள்ளது. அக்காரணம் தமிழின் உள்ளேயே இருக்கிறது.

'செல்' என்பது தமிழ் வினையடி. 'போ' என்பதே அதன் பொருள். கையிற் கொண்டு செல்லும் கருவிக்கு அமெரிக்கர் இட்ட பெயர் தமிழ் வினையொன்றின் வடிவத்தோடு தற்செயலாக முற்றும் ஒத்துவிட்டது. மின்கலத்திற்கும் உயிரணுவிற்கும் முன்னரே இவ்வொலி வழங்கி வந்தமையால் செவிக்கும் பழக்கமானது. மேலும், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரின் இரட்டும் என்னும் விதி இதற்கும் தடையின்றிப் பொருந்துகிறது. கல், கல்லில், செல், செல்லில். எழுத்தறியாதவரும் 'செல்லுல பேசினேன்' என்றே கூறுவர். ஜெர்மன் எழுத்து விதி 'ஹேண்டி'க்குச் செய்ததைத் தமிழ்ப் புணர்ச்சி விதி 'செல்'லுக்குச் செய்துவிட்டது. அதற்குக் குழு எதுவும் கூடவேண்டியிருக்கவில்லை.

புணர்ச்சி கூறுவது

'செல்பேசி' தமிழா, ஆங்கிலமும் தமிழும் கலந்ததா? இவ்வினாவிற்கு விடை காண ஒற்றெழுத்தே துணை. 'செல்' பெயர்ச்சொல்லாயின், 'கல்' என்பது 'படி'யோடு சேர்ந்து 'கற்படி' ஆவது போல, வேற்றுமைப் புணர்ச்சியில் 'செற்பேசி' என வருதல் வேண்டும். அங்ஙனம் எவரும் எழுதுவதில்லை. 'செல்' வினையடியாயின் 'கொல்களிறு' போல வினைத்தொகையாகி இயல்பாய் நிற்கும்; 'செல்பேசி' என்பதே சரியான வடிவம். எனவே இலக்கணம் இதனைத் தமிழ்ச் சொல் என்கிறது. அயற்சொற்கள் புணர்ச்சித் திரிபுக்கு உட்படாது நிற்பதும் இக்கால வழக்கே ஆதலின், இச்சான்று ஐயமற்ற சான்றாகாது என்று மறுப்பார் உளர். மறுப்பும் ஏற்கத்தக்கதே. ஒரே சொல்லை இரு மொழியின் பிள்ளை எனவும் நிறுவ இயலுகிறது என்பதுதான் இங்குக் கருதத்தக்க செய்தி.

'செல்லிடப்பேசி'யில் இந்த ஐயம் இல்லை. செல்லிடம் என்னும் வினைத்தொகை, 'பேசி'யோடு சேர்கையில் பகர ஒற்று மிகுகிறது. செல்லும் இடத்திலிருந்து பேச உதவுவது எனப் பொருள் விரிக்கலாம். முழுவதும் தமிழ், ஆயினும் இயக்கத்தைக் குறிக்க ஊர், திரி, நட, பெயர் எனப் பல வினைகள் இருக்கச் 'செல்' தேர்ந்தெடுக்கப்பெற்றது ஆங்கில ஒலி நினைவில் இருந்தமையாலேயே எனல் பொருந்தும். அயல்மொழிச் சொல்லின் ஒலியையும் பொருளையும் ஒருசேரத் தன்மொழி வேரால் ஈடு செய்யும் இம்முறையை மொழியியலறிஞர் கிலாட் சுக்கர்மன் 2003 இல் வெளியிட்ட நூலில் எபிரேயத்தை முன்வைத்து விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர்தம் பகுப்பில் இச்சொல்லுக்கும் இடமுண்டு. 'ஹேண்டி' ஆங்கில உடை அணிந்த ஜெர்மன். 'செல்லிடப்பேசி' தமிழ் உடை அணிந்த ஆங்கில எதிரொலி.

'அலைபேசி' இதனினும் சுவையுடையது. வானலை வழியே பேசுவது என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கின்றனர். அங்ஙனமாயின் 'அலை' பெயர்ச்சொல். வல்லொற்று மிகுந்து 'அலைப்பேசி' ஆக வேண்டும். அலைவரிசைத் தொகுதியைக் குறிக்க வழங்கும் 'அலைக்கற்றை' என்னும் சொல்லில் ஒற்று முறையாக மிகுவதைக் காண்க. அலைக்கற்றையில் மிகும் ஒற்று அலைபேசியில் ஏன் மிகவில்லை? 'அலை' என்பதை வினையடியாகக் கொண்டால் விடை கிடைக்கிறது: அலைகின்ற, அதாவது திரிகின்ற பேசி. வினைத்தொகையில் ஒற்று மிகாது. பொருளை வானலையிற் கண்டு, எழுத்தை வினைத்தொகையாக எழுதி, 'மொபைல்' என்பதற்கு நேர்மொழிபெயர்ப்பைத் தமிழர் தம்மையறியாமலே அடைந்துவிட்டனர். 'கைப்பேசி'யிலோ ஒற்று வேண்டும். கைக்குட்டை, கைத்தடி, கைப்பை என்பவற்றோடு ஒக்கும். 'கைபேசி' என எழுதுவது பெருகி வருவதற்குத் 'தொலைபேசி', 'அலைபேசி' ஆகியவற்றின் சாயலே காரணமாகலாம்.

பிற நாட்டுத் தமிழில் நிலைமை சற்று வேறு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்கிலம் பேசுவோரே 'ஹேண்ட்போன்' என்பர். அதுவும் பிரித்தானியர் அறியாத ஆங்கிலமே. அதன் நிழலில் எழுந்தது 'கைத்தொலைபேசி'. இலங்கைத் தமிழ் 'கையடக்கத் தொலைபேசி' என்று பொருளின் அளவை முன்னிறுத்திற்று. வங்கதேசத்திலும் இதே கையின் நினைவு கவிஞர் நிர்மலேந்து குணரின் 'முட்டோபோன்' என்னும் ஆக்கத்தில் எழுந்தது. 'முட்டோ' என்பது கைப்பிடி. டாக்காவின் செய்தித்தாள்கள் அதனை விரும்பி ஏற்றன. கொல்கத்தாவிலோ பேச்சில் 'மொபைல்' அசையவில்லை. சிற்றிதழ்களிலும் முகவரி அட்டைகளிலும் 'சலபாஷ்' ஒதுங்கி நிற்கிறது. ஒரே மொழி, இரு நாடு, இரு விருப்பம்.

'மிஸ்டு கால்' கொடுத்தல்

பொருட்பெயரினும் வினைத்தொடரில்தான் ஆங்கிலத் தோற்றச் சொல்லின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. தொடக்கத்தில் அழைப்பவர்க்கு மட்டுமன்றி அழைக்கப்படுபவர்க்கும் கட்டணம் இருந்தது. உச்ச நேரத்தில் அது நிமிடத்திற்குப் 16 ரூபாயைத் தாண்டிற்று. 2003 இல் வரும் அழைப்பிற்குக் கட்டணம் நீங்கிற்று. எனினும் செல்லும் அழைப்பிற்குக் காசு வேண்டும். மணி ஒலித்ததும் துண்டித்தால் காசு போகாது, செய்தியோ போய்விடும். இப்பழக்கத்திற்கு வழங்கிய பெயர் 'மிஸ்டு கால்'.

ஆங்கிலத்தில் அது தவறிப்போன அழைப்பு. ஒருவர்க்கு நேர்வது, எவரும் வேண்டுமென்று செய்வதன்று. தமிழிலோ 'மிஸ்டு கால் கொடு' என்கிறோம். வங்காளியரும் 'மிஸ் கால் தாவ்' என்று கொடுத்தல் வினையையே சேர்க்கின்றனர். நேர்வது செய்வதாயிற்று, தவறுதல் அடையாளமாயிற்று. லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர் கொடுக்கும் ஒரு மிஸ்டு கால் 'வந்துவிட்டேன்' என்று பொருள்படும். வாடகைச் சீருந்து ஓட்டுநர் கொடுப்பது 'கீழே நிற்கிறேன்' என்று பொருள்படும். 2011 இல் ஊழல் எதிர்ப்பு இயக்கத்தினர் தமக்கு ஆதரவு தெரிவிக்க மிஸ்டு கால் கொடுக்குமாறு மக்களை வேண்டிய போது, அத்தொடர் வாக்குச்சீட்டின் தகுதியையும் எட்டிற்று. இதனைப் பிரித்தானிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லாற் பெயர்க்க இயலாது. இந்தியரின் 'ஹேண்டி' எது என்று வினவினால் 'மிஸ்டு கால்' என்றே விடை கூறலாம்.

மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள வினா

ஜெர்மன் கதையொன்றில் ஒரு பெண், 'என் ஹேண்டி எங்கே?' என்று கேட்கிறாள். தமிழில் எவ்வாறு எழுதுவது? 'ஹேண்டி' என்றே விடின், அவள் வீட்டில் மிகச் சாதாரணமாக ஒலிக்கும் சொல் தமிழ் வாசகர்க்குப் புதிராகும். 'செல்லிடப்பேசி' எனின் அவள் அரசாணை பேசுவாள். ஜெர்மனிலும் அலுவல் நடைக்கு 'மொபில்டெலிஃபோன்' என்னும் தனிச்சொல் உண்டு. அதற்குத்தான் 'செல்லிடப்பேசி' இணை. 'ஹேண்டி'க்கு இணை 'செல்' அல்லது 'போன்'. கதையின் களம் 1990களாயின் 'செல்' பொருந்தும். சொல்லின் மூலமொழி எது என்பதைக் காட்டிலும் அது எந்தப் படிக்கட்டில் நிற்கிறது என்பதையே மொழிபெயர்ப்பாளர் நோக்க வேண்டும். ஆங்கிலத் தோற்றம் கண்டு ஆங்கிலமென மயங்கி 'ஹேண்டி'க்கு ஆங்கில அகராதியைப் புரட்டுவோரும் உளர். அது வங்காளியின் 'டிபின்' என்பதற்கு இட்லி எனப் பொருள் எழுதுவதை ஒக்கும்.

எதிர்த்திசையிலும் இடருண்டு. தமிழ்க் கதையில் வரும் 'ஒரு மிஸ்டு கால் குடு' என்பதை ஜெர்மனில் 'தவறிய அழைப்பு' என்று பெயர்த்தால் வாசகர் எதையோ இழந்ததாகவே எண்ணுவர். 'ஒருமுறை மணியடிக்க விடு' என்பதே அங்குப் பொருந்தும். ஆங்கிலச் சொற்களை நீக்கினால்தான் இங்குப் பொருள் கிடைக்கிறது.

தொல்காப்பியம் வகுத்த இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நான்கில் 'ஹேண்டி', 'மிக்சி', 'மிஸ்டு கால்' ஆகியன எதனுள் அடங்கும்? வெளியிலிருந்து வந்ததாயின் திசைச்சொல் எனலாம். இவை வெளியிலிருந்து அப்படியே வரவில்லை. வெளியார் எழுத்தைக்கொண்டு உள்ளே ஆக்கப்பெற்றவை, அல்லது உள்ளே புதுப்பொருள் பெற்றவை. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் ஒரு சொல்லை ஏற்கவோ தள்ளவோ முற்படுகையில் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. ஒலியைக் கேட்டே தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. அகராதிகளிலும் இத்தகைய சொற்களுக்கு எதிரே 'ஆங்கிலம்' என்ற ஒற்றைக் குறிப்பே பெரும்பாலும் காணப்படுகிறது. மூலமொழியில் அப்பொருள் உண்டா, இல்லையா என்பதையும் அங்கே குறித்தால் மொழிபெயர்ப்பாளர்க்கு அது பேருதவியாகும்.

இதற்கிடையே, பெயரிடும் போட்டியின் போக்கையே வழக்கு மாற்றிவிட்டது. கம்பி இணைப்புள்ள கருவிகள் வீடுகளிலிருந்து மறையத் தொடங்கியதும், எவ்வடையும் வேண்டாத 'போன்' என்னும் பழஞ்சொல்லே கைக்கருவிக்கு உரியதாயிற்று. லேக் கார்டன்ஸில் இன்று 'போன் எங்கே?' எனத் தமிழர் கேட்பதும் 'போன்டா கோத்தாய்?' என வங்காளியர் கேட்பதும் கைக்கருவியையே. அடைமொழி இப்போது பழைய கருவிக்குச் சென்றுவிட்டது. அதனை 'லேண்ட்லைன்' என்கிறோம். முன்பு அப்பெயர் பொறியாளர் வாயில் மட்டுமே வழங்கியது.